பாறையில் கனிமம், உடம்பில் கனிமம்: இரண்டும் ஒரே வேலையா?

கேள்வி இது: பூமிக்குள் கனிமங்கள் உண்டாவதும், சிப்பிக்குள் முத்து, உடம்புக்குள் எலும்பு, சிறுநீரகத்தில் கல் என உயிருக்குள் உண்டாவதும் ஒரே வேதியியல்தானா? ஒன்றுதான் என்றால், உயிர் அங்கே என்னதான் செய்கிறது?

வேதியியல் ஒன்றுதான். உயிரினங்கள் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் கனிமத்தை உண்டாக்குவது அல்ல, வேண்டாத இடத்தில் உண்டாகவிடாமல் தடுப்பது. பாடநூல்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூன்று பெயரைச் சொல்லிக் கனிமம் உண்டாகும் விதத்தை விளக்கிவிட்டதாக முடித்துவிடுகின்றன. அது பாறைகளுக்கான வகைப்பாடு. ஒரே குவார்ட்ஸ் இந்த மூன்றிலும் கிடக்கும்.

அடிப்படையிலிருந்து தொடங்கலாம். ஒரு கனிமம் பிறக்க அதன் அயனிகள் ஏதோ ஒன்றில் கரைந்திருக்க வேண்டும். அது நீராக இருக்கலாம், உருகிய பாறைக்குழம்பாக இருக்கலாம். குளிர்ந்தாலோ, நீர் ஆவியானாலோ, அழுத்தம் குறைந்தாலோ, அமிலத்தன்மை மாறினாலோ, தாங்கக்கூடிய அளவைவிட அதிகமாகக் கரைந்திருக்கும் நிலை வரும். பள்ளியில் படித்த அதிதெவிட்டிய கரைசல் இதுதான். ஆனால் அந்த நிலை வந்த உடனே படிகம் தோன்றிவிடாது. சில அயனிகள் கூடி ஒரு சிறு கொத்து ஆனால், அதன் புறப்பரப்பை உண்டாக்கவே ஆற்றல் செலவாகும். கொத்து மிகச் சிறியதாக இருக்கும்வரை அந்தச் செலவு, சேர்ந்ததால் கிடைக்கும் லாபத்தைவிட அதிகம். கொத்து மறுபடி கரைந்துபோகும். சில நானோமீட்டர் என்ற எல்லையைத் தாண்டிவிட்டால் கணக்கு தலைகீழாகும், பிறகு அது தானாக வளரும். இதைப் படிகக் கரு என்கிறோம். தூசியோ கீறலோ ஏற்கெனவே உள்ள வேறொரு படிகமோ தளமாகக் கிடைத்தால் அந்தச் செலவு வெகுவாகக் குறையும். ஆகவே இயற்கையில் பெரும்பாலான கருக்கள் ஏதாவதொரு பரப்பின்மேல்தான் பிறக்கின்றன.

இதிலிருந்து வரும் நடைமுறை விதி ஒன்று: அதிதெவிட்டல் கடுமையாக இருந்தால் கருக்கள் ஏராளமாகப் பிறக்கும், எல்லாம் பொடிப்பொடியாக நிற்கும். மிதமாக இருந்தால் சில கருக்கள் மட்டும் பிழைத்துப் பெரிதாக வளரும்.

வீட்டிலேயே பார்க்கலாம். கடைப் படிகாரம் 25 கிராமைப் பொடித்து, 100 மில்லி வெந்நீரில் முழுதும் கரையும்வரை கலக்கித் துணியில் வடிகட்டுங்கள். பாதியை உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறு பாதியைத் துணியால் மூடி அறையிலேயே விடுங்கள். முதலாவதில் அடியில் சீனி மாதிரித் துகள் நிறையும். இரண்டாவதில் தெளிந்த முகங்களோடு தனித்தனிப் படிகங்கள் கிடைக்கும். அவற்றில் நல்ல ஒன்றை எடுத்து மெல்லிய நைலான் இழையில் கட்டி, வடிகட்டிய மீதிக் கரைசலில் தொங்கவிட்டால் வாரக்கணக்கில் வளரும். கெடுப்பவை மூன்று. பருத்தி நூலின் பிசிறுகள் ஒவ்வொன்றும் ஒரு கருத்தளமாகி நூல் முழுக்கப் படிகம் ஒட்டும். பாத்திரம் வெயில் படும் இடத்தில் இருந்தால் பகலில் கரைசல் சூடாகி, வளர்ந்த படிகத்தையே கரைத்துவிடும். கரைசல் தெவிட்டு நிலையை எட்டாமலிருந்தால் தொங்கவிட்ட விதையே காணாமல் போகும். ஒரு சிறு துண்டைப் போட்டுச் சில மணி நேரம் பார்த்து, அது கரையாவிட்டால் மட்டுமே நல்ல படிகத்தை இறக்க வேண்டும்.

இதே விதியை ஏக்கர் கணக்கில் நடத்துவது உப்பளம். உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் பாமே மானியில் கடல்நீர் 3 முதல் 3.5 டிகிரி காட்டும். அது ஆவியாகிப் பாதியளவு ஆகும்போது முதலில் கால்சியம் கார்பனேட் விழும். ஐந்தில் ஒரு பங்காகும்போது நீர் சேர்ந்த கால்சியம் சல்பேட்டான ஜிப்சம். பத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 25 டிகிரி வந்த பிறகே சமையல் உப்பு. 29, 30 டிகிரியைத் தாண்டினால் மக்னீசிய உப்புகள் சேரத் தொடங்கும். அளத்தின் நுட்பம் முழுவதும் இந்த வரிசையைப் பிரித்து வைப்பதில்தான் இருக்கிறது. நீரை முன்கூட்டியே பாத்தியில் விட்டால் ஜிப்சம் கலந்த உப்பு வரும். மிஞ்சிய கசப்புநீரை வெளியேற்றத் தாமதித்தால் மக்னீசியம் ஏறி உப்பு கசக்கும், காற்றில் ஈரம் இழுத்துக் கசியும். பூமியின் பழைய உப்புப் படுகைகளிலும் கீழே சுண்ணாம்பு, மேலே ஜிப்சம், அதற்கு மேலே உப்பு என்று இதே வரிசை பல இடங்களில் காணக் கிடைக்கிறது.

பாறைக்குழம்பிலும் வரிசை உண்டு. அதை ஆய்வகத்தில் காட்டியவர் பாறையியலாளர் நார்மன் போவன். இரும்பும் மக்னீசியமும் மிகுந்த ஆலிவின் உயர்ந்த வெப்பத்திலேயே படிகமாகும். பிறகு பைராக்சின், ஆம்பிபோல், கருப்பு மைக்கா. கடைசியில் பொட்டாசியம் ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும். முதலில் பிறந்தவை அடியில் தங்கிவிட்டால் மீதிக் குழம்பின் சேர்மானமே மாறிவிடும். கடைசியில் எஞ்சுவதில் நீரும், மற்ற கனிமங்களில் இடம் கிடைக்காத பெரிலியம், லித்தியம், போரான் போன்றவையும் குவிந்திருக்கும். நீர் மிகுந்ததால் அயனிகள் அதில் எளிதாக நகரும், கருக்களும் குறைவாகவே பிறக்கும். விளைவு பெக்மடைட் பாறை: கை நீளத்துக்கு ஃபெல்ஸ்பார், மைக்கா ஏடுகள், நடுவில் பெரில் என்ற மணிக்கல். காங்கேயம் பக்கம் படியூரில் கிடைத்த நீலப்பச்சைப் பெரில் இப்படிப்பட்ட எஞ்சிய குழம்பிலிருந்து வந்ததுதான்.

மிதமான அதிதெவிட்டலுக்கு உச்சமான எடுத்துக்காட்டு மெக்சிகோவின் நைக்கா சுரங்கக் குகை. 2000ஆம் ஆண்டு சுரங்கத் தொழிலாளர்கள் கண்டெடுத்த அந்தக் குகையில் ஜிப்சம் படிகங்கள் 11 மீட்டர் வரை நீண்டிருக்கின்றன. நீரற்ற கால்சியம் சல்பேட்டான அன்ஹைட்ரைட் சுமார் 58 டிகிரி செல்சியசுக்குக் கீழே நீரில் நிலைக்காது. அது மெல்லக் கரையும். அதே நீரிலிருந்து ஜிப்சம் விழும். குகைநீர் அந்த எல்லைக்குச் சற்றுக் கீழேயே வெகுகாலம் நின்றதால், கரைசல் எப்போதும் மயிரிழை அளவுக்கே அதிதெவிட்டலில் இருந்தது. புதிய கருக்கள் பிறக்க வழியில்லை. இருந்தவை மட்டும் லட்சக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்தன.

கரையாமல் உருகாமல், திடநிலையிலேயே கனிமம் மாறுவதும் உண்டு. அலுமினியச் சிலிக்கேட் ஒரே சேர்மானத்தில் அண்டலூசைட், கயனைட், சில்லிமனைட் என மூன்று படிகங்களாக வரும். அழுத்தமும் வெப்பமும்தான் முடிவு செய்கின்றன. ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 4 கிலோபார் அழுத்தமும் மூன்றும் சந்திக்கும் புள்ளி. ஆகவே ஒரு பாறையில் எது இருக்கிறது என்று பார்த்தே அது எவ்வளவு ஆழம் போய்வந்தது என்று கணிக்க முடியும். சேலம் செட்டிச்சாவடிப் பக்கம் ஊரார் வெள்ளைக்கல் என்று சொல்லும் மாக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட், வேறு வகை. ஆலிவின் மிகுந்த பாறைக்குள் கார்பன் டை ஆக்சைடு கரைந்த நீர் புகுந்து, மக்னீசியத்தைப் பிரித்து, விரிசல்களில் வெண்ணரம்புகளாகப் படியவைத்தது. தனியே விடப்பட்ட சிலிக்காவும் அருகிலேயே படிந்திருக்கும்.

இனி உயிருக்கு வரலாம். கடலின் மேல்மட்ட நீர், சுண்ணாம்பின் (கால்சியம் கார்பனேட்டின்) படிகமான கால்சைட்டைப் பொறுத்தவரை ஏற்கெனவே பல மடங்கு அதிதெவிட்டலில் இருக்கிறது. கணக்குப்படி சுண்ணாம்பு தானாகவே விழ வேண்டும். ஆனால் கடல் பால்போல் வெளுத்துக் கிடப்பதில்லை. காரணம் மக்னீசியம். கடலில் ஒரு கால்சியம் அயனிக்கு ஐந்துக்கும் மேல் மக்னீசியம் அயனிகள் இருக்கின்றன. அவை தம்மைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை எளிதில் விடாது, வளரும் கால்சைட் முகத்தில் ஒட்டி மேலே வளரவிடாது. பாஸ்பேட்டும் கரிமப் பொருள்களும் கூடவே தடுக்கின்றன. கடலில் இருந்து சுண்ணாம்பு எடுக்க வேண்டுமென்றால் அந்தத் தடையை மீற வேண்டும். உயிரினங்கள் இதை இரண்டு விதமாகச் செய்கின்றன.

முதல் விதத்தில் உயிருக்குக் கனிமம் தேவையே இல்லை. அது வாழும் வாழ்க்கையின் பக்கவிளைவாக வெளியே படிகிறது. நீலப்பச்சைப் பாசி ஒளிச்சேர்க்கைக்காக நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சினால் சுற்றியுள்ள நீரின் காரத்தன்மை ஏறும், சுண்ணாம்பு விழும். ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் இன்றும் வளரும் ஸ்ட்ரோமடோலைட் மேடுகள் இப்படிப் பாசிப் படலமும் வண்டலும் அடுக்கடுக்காகச் சேர்ந்தவை. யூரியாவை உடைக்கும் பாக்டீரியாக்களும் அம்மோனியாவால் காரத்தன்மையை ஏற்றிச் சுண்ணாம்பைப் படியவைக்கும். கான்கிரீட் விரிசலை அடைக்கும் பாக்டீரியா முறைகளில் ஒன்று இதை நம்பித்தான் இருக்கிறது. இந்த வகைப் படிவுக்கு அளவும் வடிவமும் ஒழுங்காக வராது. யாரும் கட்டுப்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது விதம் கட்டுப்பாடு. மன்னார் வளைகுடா முத்துச்சிப்பியை எடுத்துக்கொள்வோம். அதன் ஓட்டின் வெளியடுக்கு கால்சைட் பட்டகங்களால் ஆனது; உட்புறம் மின்னும் அடுக்கு அரகோனைட். இரண்டும் ஒரே கால்சியம் கார்பனேட், படிக அமைப்பு மட்டும் வேறு. ஒரே விலங்கு, சில மில்லிமீட்டர் இடைவெளியில், இரண்டையும் தனித்தனியே உண்டாக்குகிறது. ஓட்டுக்கு உள்ளே உடலைப் போர்த்தியிருக்கும் மேலங்கித் திசு முதலில் புரதமும் கைட்டின் என்ற நார்ப்பொருளும் கொண்ட படலத்தை விரிக்கிறது. அதிலுள்ள அமிலத்தன்மை மிகுந்த புரதங்கள் கால்சியத்தைப் பிடித்து நிறுத்தி, எந்தப் படிகம் எந்தத் திசையில் தொடங்க வேண்டும் என்று தளம் அமைக்கின்றன. உள்ளடுக்கில் சுமார் அரை மைக்ரான் தடிமனில் அரகோனைட் பலகைகள், நடுவே கரிமப் பசை: செங்கலும் சாந்தும் போல. எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு கனிமம்தான். ஆனாலும் வெறும் அரகோனைட்டைவிட உடையாமல் தாங்கும் திறன் பல மடங்கு அதிகம், ஏனென்றால் விரிசல் ஒவ்வொரு பலகையையும் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. பலகையின் தடிமன் ஒளியின் அலைநீளத்துக்கு நெருக்கமாக இருப்பதால்தான் முத்துக்கு அந்த ஜொலிப்பு.

மணல் துகள் புகுந்தால் முத்து உண்டாகும் என்பது நெடுநாள் கதை. துகள் மட்டும் போதாது, மேலங்கித் திசு உடன் இருக்க வேண்டும். 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்காகத் தூத்துக்குடியில் ஆய்வாளர் அழகர்சாமி முத்து வளர்த்துக் காட்டியதும் இந்த அடிப்படையில்தான். வேறொரு சிப்பியின் மேலங்கியிலிருந்து சில மில்லிமீட்டர் சதுரத் துண்டு வெட்டி, ஓட்டில் செய்த உருண்டை மணியோடு சேர்த்துச் சிப்பியின் இனப்பெருக்க உறுப்புக்குள் வைப்பார்கள். துண்டின் வெளிப்புறத் தோல் மணியைத் தொட்டபடி இருக்க வேண்டும். அந்தச் செல்கள் பெருகி மணியைச் சுற்றிப் பை உண்டாக்கும், பை அரகோனைட்டைச் சுரக்கும். பக்கம் மாறி வைத்தால் பை ஒழுங்காக உருவாகாது. பையின் செல்கள் கால்சைட் அடுக்கைச் சுரக்கத் தொடங்கினால் மங்கலான, விலைபோகாத உருண்டைதான் மிஞ்சும். சில சிப்பிகள் மணியையே வெளியே தள்ளிவிடும்.

கட்டுப்பாட்டில் இன்னொரு சிக்கல் அமிலம். பைகார்பனேட்டிலிருந்து சுண்ணாம்பு உண்டாகும் ஒவ்வொரு முறையும் ஒரு ஹைட்ரஜன் அயனி வெளிவரும். அதை அகற்றாவிட்டால் அமிலத்தன்மை ஏறிப் படிவு தானே நின்றுவிடும். பவளப்பூச்சி தன் அடித்தோலுக்கும் எலும்புக்கூட்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய திரவத்தில் கால்சியத்தை உள்ளே ஏற்றி ஹைட்ரஜனை வெளியேற்றும் புரதப் பம்பை ஓட்டுகிறது. வெளிநீரின் பிஎச் 8.1 இருக்கும்போது உள்ளே அதைவிட உயர்த்திவைக்கிறது. இதற்கு ஆற்றல் செலவாகும். கடல் அமிலமாகும்போது பவளத்துக்கு முதலில் நேரும் கேடு, கரைந்துபோவதைவிட, இந்தப் பம்புக்கு ஆகும் செலவு ஏறுவதுதான்.

கடல் முள்ளெலிகள் இன்னொரு தந்திரம் செய்கின்றன. நேராகப் படிகத்தை வளர்க்காமல், முதலில் படிக ஒழுங்கே இல்லாத கால்சியம் கார்பனேட்டைத் திணித்து வைத்துப் பிறகு படிகமாக்கும். ஒழுங்கற்ற பொருளை எந்த வளைவுக்கும் வார்க்க முடியும். ஆகவே முள்ளெலியின் முள், எக்ஸ் கதிரில் ஒற்றைக் கால்சைட் படிகம் போலத் தெரிந்தாலும், வெளித்தோற்றத்தில் கால்சைட்டின் தட்டை முகங்கள் ஒன்றும் இருக்காது.

எலும்பில் கனிமம் கார்பனேட் கலந்த அபடைட், அதாவது கால்சியம் பாஸ்பேட். எடையில் சுமார் 65 விழுக்காடு. படிகத் தகடுகள் சில நானோமீட்டர் தடிமனுக்கு மேல் போவதில்லை. கொலாஜன் என்ற புரத இழைகளுக்கு உள்ளேயுள்ள 40 நானோமீட்டர் இடைவெளிகளில் தொடங்கி அவற்றின் போக்கிலேயே வளரும். ஆனால் நம் இரத்தநீரும் அபடைட்டைப் பொறுத்தவரை அதிதெவிட்டிய கரைசல்தான். கொலாஜன் தோலிலும் தசைநாணிலும் இரத்தக்குழாய்ச் சுவரிலும் இருக்கிறது. அப்படியானால் உடம்பு முழுவதும் ஏன் கல்லாகவில்லை? எங்கும் தடுப்பான்கள் இருப்பதால். பைரோபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறு அபடைட் கருவின்மேல் ஒட்டி வளரவிடாது. எலும்புச் செல்கள் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதியால் அதை உடைக்கின்றன. தடை நீங்கிய இடத்தில் எலும்பு. அந்த நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு எலும்பு இறுகாது. தடுப்பான் இல்லாவிட்டால் நேரெதிர்: 1997இல் மேட்ரிக்ஸ் ஜிஎல்ஏ என்ற தடுப்புப் புரதத்தின் மரபணுவை நீக்கிய எலிகள், தமனிகள் சுண்ணாம்பேறி வெடித்து இரண்டே மாதத்துக்குள் இறந்தன. அந்தப் புரதம் வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும்.

பல்லில், பாறைக் கனிமமும் உடற்கனிமமும் நேராகச் சந்திக்கும் இடம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளூரோசிஸ், அதாவது ஃபுளூரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் கெடும் நோய். அங்குள்ள கருங்கல் வகைப் பாறைகளின் அபடைட், கருப்பு மைக்கா, ஹார்ன்பிளெண்ட் ஆகியவற்றிலிருந்து ஃபுளூரைடு நிலத்தடி நீருக்கு வருகிறது. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் கால்சியம் ஃபுளூரைடாக விழுந்து அளவு கட்டுக்குள் நிற்கும். சோடியம் பைகார்பனேட் மிகுந்த, கால்சியம் குறைந்த நீரில் அந்தக் கடிவாளம் இல்லை. கால்சியம் குறைந்த நீரில்தான் சோப்பு நன்றாக நுரைக்கும், ஆகவே நுரைக்கும் கிணற்றுநீர் என்று நிம்மதியடைய முடியாது. பல்லின் கடினமான வெளியுறையான பற்சிப்பி எடையில் 96 விழுக்காடு அபடைட். கொஞ்சம் ஃபுளூரைடு சேர்ந்தால் கரைதிறன் குறையும்: சாதாரணப் பற்சிப்பி பிஎச் 5.5 அளவில் கரையத் தொடங்கினால், ஃபுளூரைடு ஏறியது 4.5 வரை தாங்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால், பல் உருவாகும் வயதில் பற்சிப்பியின் முதிர்ச்சியே கெட்டு வெண்திட்டும் பழுப்புக் கறையும் வரும். இன்னும் மிகுந்தால் எலும்பிலும் மூட்டிலும் கேடு. நீரைக் கொதிக்கவைத்தால் ஃபுளூரைடு போகாது, நீர் ஆவியாவதால் செறிவுதான் கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுபோனதற்கு இதுவே காரணம்.

சிறுநீரகக் கல் தடுப்பு தோற்ற கதை. ஆரோக்கியமானவரின் சிறுநீரும் பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட்டில் அதிதெவிட்டலில்தான் இருக்கும். சிட்ரேட், மக்னீசியம், சில புரதங்கள் அதைத் தடுக்கின்றன; உண்டாகும் துகள் பெரிதாகும் முன்பே வெளியேறிவிடும். சிறுநீரகத்தின் உட்தோலுக்கு அடியில் படிந்த அபடைட் திட்டு வெளியே தெரிந்துவிட்டால் அது நிலையான கருத்தளமாகிவிடும், அதன்மேல் ஆக்சலேட் வளரும். நடைமுறை இதிலிருந்தே வருகிறது: நாளுக்குச் சிறுநீர் 2 முதல் 2.5 லிட்டர் போகும் அளவுக்கு நீர் குடிப்பது அதிதெவிட்டலைக் குறைக்கும். எலுமிச்சையின் சிட்ரேட் கால்சியத்தைப் பிடிக்கும். பால், தயிரை நிறுத்துவது தவறு. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைக் கட்டிப்போடும், நிறுத்தினால் அது இரத்தத்துக்குப் போகும். பாலக்கீரையைத் தயிரோடு சாப்பிடச் சொல்வது இதனால்தான். எல்லாக் கல்லும் ஒன்றல்ல. யூரிக் அமிலக் கல் பிஎச் 5.5க்குக் கீழே உண்டாகும், மருத்துவர் காரத்தன்மையை உயர்த்தினால் கரையும். ஸ்ட்ரூவைட் என்ற கல், யூரியாவை உடைக்கும் பாக்டீரியாத் தொற்றால் காரச் சிறுநீரில் வரும். மேலே சொன்ன கான்கிரீட் பாக்டீரியாவின் அதே வேதியியல். கால்சியம் ஆக்சலேட்டை மருந்தால் கரைக்க முடியாது. வாழைத்தண்டுச் சாறு அதைக் கரைக்கும் என்பதற்கு மனிதரில் உறுதியான ஆதாரம் கிடையாது. அதோடு உள்ளே போகும் நீர் நல்லதே.

இவற்றையெல்லாம் கனிமம் என்று சொல்லலாமா? பன்னாட்டுக் கனிமவியல் கழகத்தின் 1995 வரையறைப்படி உயிர்ச்செயல் மட்டுமே உண்டாக்கியது கனிமம் ஆகாது, புவியியல் செயலும் சேர்ந்திருக்க வேண்டும். கழகம் ஏற்ற கனிமங்கள் இன்று 6000க்கு மேல். சிறுநீரகக் கல்லிலுள்ள கால்சியம் ஆக்சலேட் அந்தப் பட்டியலில் வீவெல்லைட் என்ற பெயரில் உண்டு, ஏனென்றால் நிலக்கரி அடுக்குகளிலும் கிடைக்கிறது. அதே பொருள் சிறுநீரகத்தில் இருந்தால் கனிமம் இல்லை. நடைமுறையில் இந்தக் கோட்டை யாரும் கறாராகப் பின்பற்றுவதில்லை. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒளிச்சேர்க்கை காற்றில் ஆக்சிஜனை ஏற்றியதால் உண்டான புதிய ஆக்சைடுகளையும் ஹைட்ராக்சைடுகளையும் கணக்கில் எடுத்து, அறியப்பட்ட கனிம வகைகளில் மூன்றில் இரண்டு பங்கு மறைமுகமாக உயிரைச் சார்ந்தவை என்று கனிமவியலாளர் ராபர்ட் ஹேசன் குழு 2008இல் வாதிட்டது.

ஒரு படிகத்தைப் பார்த்து, உயிர் செய்ததா இல்லையா என்று சொல்ல முடியுமா என்பது தனிக் கேள்வி. காந்தப் பாக்டீரியாக்கள் இதற்கு நல்ல சோதனை. 1975இல் நுண்ணுயிரியலாளர் ரிச்சர்ட் பிளேக்மோர் விவரித்த இவை, உடலுக்குள் படலப் பைகளில் காந்தத்தன்மை கொண்ட இரும்பு ஆக்சைடான மாக்னடைட்டின் படிகங்களைச் சங்கிலியாக அடுக்குகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 35 முதல் 120 நானோமீட்டர்: அதைவிடச் சிறிதானால் காந்தத்திசை நிலைக்காது, பெரிதானால் பல காந்தப் பகுதிகளாகப் பிரியும். கட்டுப்பாட்டின் முத்திரை அந்தக் குறுகிய அளவு வரம்பும், தூய சேர்மானமும், சங்கிலி அடுக்கும். 1984இல் அண்டார்க்டிகாவில் எடுத்த ஏஎல்எச் 84001 என்ற செவ்வாய் விண்கல்லில் இதையொத்த மாக்னடைட்டைக் கண்டு, 1996இல் நாசா ஆய்வாளர்கள் பழைய உயிரின் தடயமாக இருக்கலாம் என்றனர். பின்னர் இரும்புக் கார்பனேட்டைச் சூடாக்கியே ஒத்த படிகங்களை ஆய்வகத்தில் உண்டாக்கிவிட்டார்கள். பெரும்பாலான ஆய்வாளர்கள் இன்று அந்தச் சான்றைப் போதுமானதாக ஏற்பதில்லை. அளவும் தூய்மையும் தனியே போதாது. அருகில் கரிமப் படலத்தின் எச்சமோ, கலையாத சங்கிலியோ கூடவே கிடைக்க வேண்டும்.